வீடு மாறியாச்சு, நாள் மட்டும் இன்னும் பிடிபடவில்லை: பழைய ஒழுங்கையே கொண்டுவருவதா, புதிதாகப் போடுவதா?

புதுவாசல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வீடு மாறிச் சில வாரங்கள் ஆகின்றன. பெட்டிகள் பெரும்பாலும் பிரித்தாயிற்று, அடுப்படி ஓடுகிறது, வேலைக்கும் பள்ளிக்கும் போய் வருகிறோம். ஆனாலும் நாள் கைக்குள் நிற்க மாட்டேன் என்கிறது.

பழைய வீட்டில் எழுந்ததும் ஒரு நடை, வந்து குளியல், பையனைக் கிளப்புவது, அரை மணி நேரம் எதையாவது படிப்பது, அப்புறம் வேலை. யாரும் அட்டவணை போட்டுத் தரவில்லை, அதுவாக நடந்தது. இங்கேயும் அதே ஆட்கள், அதே வேலை, அதே கடிகாரம்தான். ஆனால் துண்டு எங்கே, சார்ஜர் எங்கே, எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு என்று ஒவ்வொன்றையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. இருட்டில் பாத்ரூம் போனால் கை தானாக வாசலுக்கு இடப்பக்கம் தடவுகிறது. அங்கே வெறும் சுவர். சாயங்காலம் ஆனால் பெரிதாக ஒன்றும் செய்யாமலே அலுத்துப் போகிறேன்.

பழைய ஒழுங்கை அப்படியே இங்கே நிறுத்தப் பார்ப்பதா, கொஞ்ச நாள் விட்டுப் பிடிப்பதா? தானாகச் சரியாகும் என்பது என் கணவரின் கட்சி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டில் நாங்கள் இருவர், இரண்டாம் வகுப்புப் படிக்கும் பையன், என் அம்மா.

மரநிழல்

முதலில் ஒன்று. இது சோம்பலும் இல்லை, மன உறுதிக் குறைவும் இல்லை. பழக்கம் என்பது நம் மண்டைக்குள் மட்டும் இருப்பதில்லை, பாதி இடத்தில் இருக்கிறது. வெண்டி வுட் என்ற உளவியலாளர் இதையே பல வருடங்களாக ஆராய்ந்தவர். 2002-ல் அவருடைய குழு கல்லூரி மாணவர்களிடம் மணிக்கு ஒரு தடவை ‘இப்போது என்ன செய்கிறாய், மனம் எங்கே இருக்கிறது’ என்று குறித்து வைக்கச் சொன்னது. அன்றாடச் செயல்களில் 43 விழுக்காடு வரை, கிட்டத்தட்ட தினமும், அதே இடத்தில், வேறு எதையோ நினைத்துக்கொண்டே செய்தவை.

அடுத்து 2005-ல் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போகும் மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். உடற்பயிற்சி, செய்தித்தாள், தொலைக்காட்சி ஆகிய பழக்கங்களை மாறுவதற்கு முன்பும் பின்பும் பார்த்தார்கள். புது இடத்திலும் சூழல் பழைய மாதிரியே அமைந்தவர்களுக்குப் பழக்கம் தொடர்ந்தது. சூழல் மாறியவர்களுக்கு அது தானாக ஓடுவது நின்றது, அதன்பின் அவர்கள் என்ன நினைத்தார்களோ அதன்படி நடந்தார்கள்.

உங்களுக்கு நடந்திருப்பதும் இதுதான். நாளில் பாதியை யோசிக்காமல் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். இப்போது அத்தனையையும் யோசித்து ஓட்ட வேண்டியிருக்கிறது. அலுப்பு வராமல் என்ன செய்யும்? அதனால் ‘இத்தனை மணிக்கு இது’ என்று கடிகாரத்தை வைத்துப் பிடிக்காதீர்கள். எதைப் பார்த்ததும் எது நடந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

செங்கல்சுவர்

மரநிழல் சொல்வது புரிகிறது. ஆனால் முடிவு வேறாக இருக்க வேண்டும் என்பேன். இடம் மாற்றம் வந்துகொண்டே இருக்கும் வேலை என்னுடையது, குடும்பத்தோடு பல தடவை மாறியவன். பழைய ஒழுங்கை முதல் நாளிலிருந்தே அப்படியே கொண்டுவருவதுதான் எங்கள் வழி. முழு நாளையும் முடியாது. காலை ஒரு மணி நேரம், ராத்திரி ஒரு மணி நேரம், இந்த இரண்டை மட்டும் யாரும் தொடக்கூடாது. வீடு எவ்வளவு அலங்கோலமாகக் கிடந்தாலும் படுக்கைக்கு வலப்பக்கம் தண்ணீர், இடப்பக்கம் மூக்குக்கண்ணாடி, வாசலுக்குப் பக்கத்தில் சாவி. இவை எல்லா வீட்டிலும் ஒரே இடம். நடுவில் இருக்கும் நாள் எப்படிப் போனாலும் பரவாயில்லை.

விட்டுப் பிடிக்கலாம் என்று இருந்தால் அந்த இடத்தில் வேறு ஏதாவது வந்து உட்கார்ந்துவிடும். பெரும்பாலும் கைபேசி.

கிழக்குஜன்னல்

இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். வீட்டுக்கும் ஒரு நாள் உண்டு. வெயில் எப்போது எந்த அறைக்கு வருகிறது, எந்த நேரத்தில் மேல்வீட்டில் நாற்காலி இழுக்கிறார்கள், தண்ணீர் சூடாக எவ்வளவு நேரமாகிறது, எந்த மூலையில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது. இதைத் தெரிந்துகொள்ளாமல் போடும் ஒழுங்கு நிற்காது.

நாங்கள் மாறியபோது ஜன்னலோரம் பார்த்து எழுதும் மேசையைப் போட்டோம். காலையில் அருமையான இடம். மதியத்துக்கு மேல் மேற்கு வெயில் நேராகக் கணினித் திரையில் அடித்தது, திரைச்சீலையை இழுத்தால் அறை இருட்டு, விட்டால் கண் கூச்சம். மதிய வேலை ஏன் நகரவில்லை என்று அதுவரை எங்களையே நொந்துகொண்டிருந்தோம். மேசையை எதிர்ச்சுவருக்கு மாற்றியதும் மதியம் திரும்பக் கிடைத்தது.

தூங்கும் அறைக்கும் இதே கணக்குதான். உடம்பின் கடிகாரத்தைத் திருத்துவதில் வெளிச்சத்துக்கு இணையாக வேறொன்றும் இல்லை. காலை வெளிச்சம் தூக்கத்தையும் விழிப்பையும் சீக்கிரமாக்கும், ராத்திரி வெளிச்சம் தாமதமாக்கும். கிழக்கு பார்த்த அறையில் அலாரம் இல்லாமல் எழுந்தவர், வெளிச்சமே வராத உள்ளறைக்கு வந்த பிறகு எழ முடியவில்லை என்றால் காரணம் அங்கேதான் இருக்கிறது. எழுந்ததும் நேராக வெளிச்சம் வரும் பக்கம் போய் நில்லுங்கள். பல் தேய்ப்பதைக்கூட அங்கே வைத்துக்கொள்ளலாம்.

முதல் வாரம் ஒரு தாளில் வீட்டின் நேரங்களை மட்டும் குறியுங்கள். உங்கள் நேரங்களை அடுத்த வாரம் பார்க்கலாம்.

தினம்ஒருபடி

21 நாள் விடாமல் செய்யுங்கள், எதுவும் ஒட்டிக்கொள்ளும். இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை.

எண்சுவடி

அந்த 21 நாள் கணக்குக்கு மூலம் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவை மருத்துவர் 1960-ல் எழுதியது. அறுவைக்குப் பிறகு புது முகத்துக்குப் பழகுவதற்கும், புது வீடு வீடாகத் தோன்றுவதற்கும் ‘குறைந்தது’ ஏறக்குறைய 21 நாள் ஆகிறது என்பது அவர் கவனித்தது. நாளடைவில் ‘குறைந்தது’ உதிர்ந்துவிட்டது.

அளந்து பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் செய்தது, 2010-ல் அச்சில் வந்தது. 96 பேர், ஆளுக்கு ஒரு புதுப் பழக்கம், 12 வாரம். பழக்கம் தானாக ஓடும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபாடு. அந்த 254 ஆய்வு நடந்த நாட்களைத் தாண்டியது, பழக்கம் படிந்த வேகத்தின் வளைகோட்டை நீட்டிப் பார்த்துக் கணக்கிட்டது. தண்ணீர் குடிப்பது போன்ற சின்ன வேலைகள் சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சிக்கு நாள் பிடித்தது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய இழப்பு எதுவும் இல்லை. வீடு மாறிய சமயத்தில் விட்டுப்போகாமல் இருக்கவே முடியாது. ஒரு நாள் ஆள் வந்து குழாய் மாட்டுவார், ஒரு நாள் பள்ளியில் கூப்பிடுவார்கள். ‘விடாமல்’ என்று கட்டளை போட்டுக்கொண்டவர் அந்த நாளோடு மொத்தத்தையும் கைவிடுகிறார். அதனால்தான் இந்த 21 நாள் பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

தினம்ஒருபடி

எனக்கு அது உதவியது, அதனால் சொன்னேன். ஒரு நாள் விட்டால் போச்சு என்று நான் நினைக்கவில்லை. சரி, ‘விடாமல்’ என்ற சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஆனால் தொடக்கத்தில் ஓர் எண் இருந்தால் மனதுக்குப் பிடிமானம் கிடைக்கிறது, அதையும் ஒதுக்க வேண்டாம்.

எண்சுவடி

அது நியாயம். எண் வேண்டுமென்றால் 66 வைத்துக்கொள்ளுங்கள், அதுகூட நடுத்தரம்தான்.

துயில்

தூக்கத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மற்ற எல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. புது இடத்தில் முதல் ராத்திரி சரியாகத் தூங்காதது மனப்பிரமை இல்லை. பிரவுன் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு 2016-ல் வெளியானது. பழக்கமில்லாத இடத்தில் முதல் இரவில் மூளையின் இடது பாதி, வலது பாதி அளவுக்கு ஆழ்ந்து தூங்கவில்லை, சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்ளத் தயாராக இருந்தது. பிறகு அதே இடத்தில் மறுபடி தூங்கியபோது அந்த வேறுபாடு மறைந்தது.

முதல் இரவு தாண்டிவிடும். அதற்கு அப்புறமும் வாரக்கணக்கில் தூக்கம் கெடுகிறது என்றால் பெரும்பாலும் பெட்டிகள் சூழ்ந்த அறையில், திரைச்சீலை இல்லாமல், நினைத்த நேரத்துக்குப் படுப்பதுதான் காரணம். யாராவது இனிமேல் வீடு மாறப்போகிறவர்கள் படித்தால்: வரவேற்பறை கிடக்கட்டும், படுக்கையறையை முதலில் முடியுங்கள். பழைய தலையணை, பழைய போர்வை, பழைய அலாரச் சத்தம். புதிதாக வாங்கியதை அப்புறம் பிரிக்கலாம்.

புதுவாசல்

எல்லோருக்கும் நன்றி. கிழக்குஜன்னல் சொன்ன தாளை இன்றே ஒட்டிவிட்டேன்.

மரநிழல் கேட்ட மாதிரி எதைப் பார்த்ததும் எது நடந்தது என்று உட்கார்ந்து யோசித்தேன். நடையைப் பற்றித்தான் எனக்கு அதிக வருத்தம். பழைய வீடு தரைத்தளம். கதவைத் திறந்தால் செருப்பு, அடுத்த அடியில் தெரு. எதிர்வீட்டு அம்மா அந்த நேரத்தில் வெளியே நிற்பார், பார்த்ததும் கிளம்பிவிடுவேன். இங்கே நான்காம் மாடி. ஷூ உள்ளறை அலமாரியில், அது மகன் தூங்கும் அறை. லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டும். இறங்கினால் எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. ஒவ்வொன்றும் சின்னதுதான், ஆனால் காலையில் அத்தனையும் சேர்ந்து ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்றாகிவிடுகிறது.

மரநிழல்

உங்கள் கேள்விக்கு நீங்களே பதில் எழுதிவிட்டீர்கள். நான்கு தடை சொன்னீர்கள். ஷூவையும் சாக்ஸையும் ராத்திரியே வாசல் கதவுக்குப் பக்கத்தில் வையுங்கள். போட்டுக்கொள்ளும் உடையும் அங்கேயே. லிஃப்டை மறந்துவிடுங்கள், இறங்குவதற்குப் படி போதும், உங்கள் நடை வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடும்.

பாதைக்கு: பகலில் ஒரு தடவை மகனோடு போய் ஒரு சுற்று கண்டுபிடியுங்கள். அப்புறம் கொஞ்ச நாளைக்கு அதே சுற்று, அதே திசை. சலிக்கும், சலிக்கட்டும். எங்கே திரும்புவது என்று யோசிக்கத் தேவையில்லாத வரைக்கும் மாற்ற வேண்டாம். இடத்துக்கு இடம் தனித்தனியே விழிக்கும் செல்கள் மூளையில் உண்டு என்று ஜான் ஓகீஃப் என்ற மூளை ஆய்வாளர் 1971-ல் கண்டார். 2014-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். புது வட்டாரத்தின் வரைபடத்தை மூளை இப்போதுதான் வரைந்துகொண்டிருக்கிறது. ஒரே வழியில் திரும்பத் திரும்பப் போனால் வழி தேடும் பாரம் குறையும்.

இன்னொன்று. ‘காலையில் நடக்க வேண்டும்’ என்று தீர்மானிப்பதைவிட, ‘பல் தேய்த்து முடித்ததும் ஷூ போடுவேன்’ என்று ஒன்றின் வாலில் இன்னொன்றைக் கட்டுங்கள். பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்து இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். எப்போது, எங்கே என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டவர்கள், வெறுமனே செய்ய வேண்டும் என்று எண்ணியவர்களைவிட அதிகமாகச் செய்து முடித்தார்கள். எந்தச் செயலின் வாலில் கட்டுவது என்பதுதான் முக்கியம். வீடு மாறியும் மாறாத செயலாக இருக்க வேண்டும். பல் தேய்ப்பது மாறவில்லை. எதிர்வீட்டு அம்மா இங்கே இல்லை.

இரவுப்பணி

கடிகாரத்தை விடுங்கள் என்று மேலே ஒருவர் எழுதியதற்கு ஆதரவாக. எனக்கு வாரத்துக்கு வாரம் பணிநேரம் மாறும். ‘ஆறு மணிக்கு’ என்று எனக்கு ஒன்றுமே கிடையாது. வரிசை மட்டும்தான் உண்டு. எழுந்ததும் தண்ணீர், ஜன்னல், குளியல், வீட்டுக்கு ஒரு போன், அப்புறம்தான் திரையைத் தொடுவது. அது விடியற்காலையானாலும் மதியமானாலும் வரிசை மாறாது. வீடு மாறியபோது இந்த வரிசைதான் முதலில் பிடிபட்டது.

பகலில் தூங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வீட்டைப் பார்க்க வரும்போது பகல் பன்னிரண்டு மணிக்கு, நீங்கள் தூங்கப்போகும் அறையில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள்.

இருவர்பொழுது

எல்லோரும் ஓர் ஆளின் ஒழுங்கைப் பற்றியே பேசுகிறீர்கள். வீட்டில் ஒருவருக்கு மேல் இருந்தால் பிரச்சினையே வேறு. ஒவ்வொருவர் வழக்கமும் ஒரே கதவில் வந்து முட்டிக்கொள்ளும்.

எங்கள் பழைய வீட்டில் பாத்ரூம் இரண்டு, புது வீட்டில் ஒன்று. காலை ஏழு முதல் ஏழரை வரை நான்கு பேருக்கு அந்த ஒரு கதவு. முதல் மாதம் முழுக்கச் சண்டை. நேரம் பிரித்துப் பார்த்தோம், நடக்கவில்லை. ஒருவர் ஐந்து நிமிடம் தாமதித்தால் வரிசை முழுக்கச் சரிந்தது. கடைசியில் கைகொடுத்தது, அந்த அறைக்குள் செய்ய வேண்டாத வேலைகளை வெளியே கொண்டுவந்தது. தலைவாருவதற்கும் சவரத்துக்கும் படுக்கையறையில் ஒரு கண்ணாடி, நல்ல விளக்கு. பல் தேய்ப்பது வெளியில் இருந்த கைகழுவும் தொட்டியில். இருவர் குளியலை ராத்திரிக்கு மாற்றிக்கொண்டார்கள். கதவு காலியாகத் தொடங்கியது, சண்டையும் நின்றது.

இதைவிடப் பெரிய விஷயம் வேலைப் பங்கீடு. பழைய வீட்டில் யார் எந்த வேலை செய்தார்கள் என்பதை யாரும் உட்கார்ந்து முடிவெடுத்திருக்க மாட்டார்கள். துவைக்கும் இயந்திரம் அடுப்படிக்குப் பக்கத்தில் இருந்தது, அடுப்படியில் நின்றவர் துவைப்பதையும் சேர்த்துச் செய்தார். குப்பைப் பை வாசலருகே இருந்தது, வெளியே போகிறவர் கொண்டுபோனார். புது வீட்டில் இயந்திரம் பால்கனியில், குப்பை கீழ்த்தளத்தில் என்று ஆனதும் அந்த ஏற்பாடு அறுந்துவிடுகிறது. அப்போது பேசாமல் விட்டால் எல்லாமே, வீட்டில் எது தீர்ந்தது எது பாக்கி என்று எப்போதும் நினைவு வைத்திருக்கும் ஒருவர் தலையில் விழும். புதுவாசல், அந்த ஒருவர் நீங்கள்தான் என்று உங்கள் முதல் பதிவைப் படித்ததும் எனக்குத் தோன்றியது. சாயங்கால அலுப்புக்கு ஸ்விட்ச் தேடுவது மட்டும் காரணமாக இருக்காது. துண்டு எங்கே என்று வீட்டில் எத்தனை பேர் உங்களைக் கேட்கிறார்கள்?

எந்தப் பொருள் எங்கே என்பதை எல்லோரும் சேர்ந்து ஒரு மாலை முடிவு செய்யுங்கள். தானே வைத்த பொருளை யாரும் இன்னொருவரிடம் கேட்பதில்லை.

புதுவாசல்

எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள். இதைப் படித்துக் காட்டியபோது கணவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார், “தானாகச் சரியாகும்னு நான் சொன்னப்போ, நீதான் சரி பண்ணிக்கிட்டிருந்தே.” ஞாயிற்றுக்கிழமை உட்காரப் போகிறோம்.

நடுவழி

இருவர்பொழுது சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மாற்ற வேண்டியதை மாற்ற இதுதான் நேரம். பிரிட்டனில் பாஸ் வெர்பிளாங்கன் என்ற உளவியலாளர் இதையே ஒரு கருதுகோளாக வைத்து ஆராய்ந்தவர். 2016-ல் அவரும் இன்னோர் ஆய்வாளரும் சேர்ந்து பீட்டர்பரோ நகரில் 800 பேரைப் பார்த்தார்கள், பாதிப்பேர் அண்மையில் வீடு மாறியவர்கள். சுற்றுச்சூழலுக்கு ஏற்ற வழக்கங்களைப் பழக்கும் முயற்சி, வீடு மாறியவர்களிடம் நன்றாகப் பலித்தது. அந்த வாய்ப்பு மாறிய பிறகு சுமார் மூன்று மாதம் வரை திறந்திருந்தது.

அதனால் படிப்பு, உடற்பயிற்சி, கைபேசி நேரம் என்று விட வேண்டியதையும் சேர்க்க வேண்டியதையும் எல்லாம் இந்த மூன்று மாதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் வீடு இறுகிவிடும்.

அந்திவெயில்

நடுவழி, தயவுசெய்து இப்படி அவசரப்படுத்தாதீர்கள். ஆய்வு சரியாக இருக்கலாம். அதில் மாற்றப் பார்த்தது தண்ணீர், மின்சாரம், போக்குவரத்து மாதிரியான வழக்கங்களை. வாழ்க்கை முழுவதையும் மூன்று மாதத்தில் புரட்டச் சொல்லவில்லை.

1967-ல் ஹோம்ஸ், ராஹே என்ற இருவர் வாழ்க்கை மாற்றங்களுக்கு மதிப்பெண் போட்ட அட்டவணை ஒன்று உண்டு. 43 நிகழ்வுகள். துணையின் மரணம் 100. வீடு மாறுவது வெறும் 20. குறைவுதானே என்று தோன்றும். ஆனால் வீடு மாறுவது எப்போதாவது தனியாக வருகிறதா? வேலை மாறியதால், திருமணம் ஆனதால், பிரிந்ததால், யாரோ இறந்ததால், வருமானம் குறைந்ததால் மாறுகிறோம். அவற்றுக்கெல்லாம் அந்த அட்டவணையில் தனி மதிப்பெண். நான் மாறியது என் கணவர் போன பிறகு. அந்த நேரத்தில் யாராவது வந்து ‘இதுதான் சமயம், புது மனுஷியாகிவிடு’ என்று சொல்லியிருந்தால் எழுந்து போகச் சொல்லியிருப்பேன். எழுவது, சாப்பிடுவது, ஒரு முறை வெளியே போய்வருவது. இவை மூன்றும் நடந்தால் போதும் என்றுதான் நாளை வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் எதையும் சேர்க்காமல் இருந்ததுதான் என்னை நிறுத்தியது.

நடுவழி

அம்மா, நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். விரும்பி மாறியவர்களை மனதில் வைத்து எழுதினேன், அது எல்லோருக்கும் பொருந்தாது. ஒன்று மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்: மாற்ற ஆசைப்படும் ஒரே ஒரு பழக்கம் இருந்தால், அதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

அந்திவெயில்

ஒன்று என்றால் எனக்குச் சம்மதம்.

கைத்தடி

புதுவாசல், உங்கள் அம்மாவைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டீர்கள். வயதானவர்கள் வீடு மாறினால் கவனிக்க வேண்டியதே அங்கேதான் அதிகம். முதியோரைப் பார்த்துக்கொள்ளும் பணியில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ராத்திரி. படுக்கையிலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழியை விளக்கை அணைத்துவிட்டு நீங்களே ஒரு தடவை நடந்து பாருங்கள். உங்கள் கை இடப்பக்கச் சுவரைத் தேடுகிறதல்லவா, அவருடைய கால் பழைய வீட்டின் படிகளைத் தேடும். பழைய வீட்டில் கழிப்பறை இடப்பக்கம் இருந்தால், அரைத் தூக்கத்தில் இடப்பக்கம்தான் திரும்புவார். அங்கே கதவா, சுவரா, படிக்கட்டா? வழியில் ஓரம் மடங்கிய விரிப்பு, மின்கம்பி, பாதி பிரித்த பெட்டி எதுவும் இருக்கக்கூடாது. முழங்கால் உயரத்துக்குக் கீழே இரவு முழுக்க எரியும் சின்ன விளக்கு இரண்டு. முடிந்தால் கட்டிலையே திருப்பிப் போடுங்கள், பழைய வீட்டில் எந்தப் பக்கம் இறங்கினாரோ அதே பக்கம் இறங்கும்படி.

அடுத்து, அவருக்கு ஒரு வேலை இருந்ததா என்று பாருங்கள். பழைய வீட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, துணி மடிப்பது, பேரனுக்குக் கதவு திறப்பது என்று ஏதாவது இருந்திருக்கும். மாறும்போது பாவம் என்று அதையெல்லாம் நாம் எடுத்துக்கொள்கிறோம். அவருக்கு நாளே இல்லாமல் போகிறது. அந்த வேலையை அவருக்கே திருப்பிக் கொடுங்கள், அவர் எட்டும் இடத்தில் வைத்து.

மறதி தொடங்கியவராக இருந்தால் கழிப்பறைக் கதவில் பெரிதாகப் படம் ஒட்டுங்கள், கதவைத் திறந்தே வையுங்கள். உள்ளே இருப்பது கண்ணில் பட்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

புதுவாசல்

இதைப் படித்ததும் எழுந்து போய் நடந்து பார்த்தேன். பழைய வீட்டில் அம்மா கட்டிலிலிருந்து இறங்கி இடப்பக்கம் திரும்புவார். இங்கே இடப்பக்கம் பால்கனிக் கதவு, அதற்கு ஓர் அடி உயர நிலை. ராத்திரி தாழ் போட்டுத்தான் இருக்கும், ஆனாலும் அந்த நிலை தடுக்கும். கட்டிலை இன்றைக்கே திருப்புகிறோம்.

பூனைவால்

சின்னதாக ஒன்று. பூனை வைத்திருப்பவர்கள் முதலில் முழு வீட்டையும் அதற்குத் திறந்துவிடாதீர்கள். ஓர் அறை, அதன் தட்டு, அதன் மணல் பெட்டி, துவைக்காத பழைய துணி. அது நிதானத்துக்கு வந்ததும் அடுத்த அறை. வெளியே விடுவது சில வாரங்களுக்கு அப்புறம்தான், இல்லையென்றால் பழைய வீட்டைத் தேடிக் கிளம்பிவிடும். சாப்பாட்டு நேரம் மட்டும் பழைய நேரமே இருக்கட்டும்.

செங்கல்சுவர்

குழந்தைகளுக்கும் அதேதான், ஓர் அறை முதலில். எங்கள் மகளுக்கு ராத்திரி வரிசையை எந்த வீட்டிலும் மாற்றியதில்லை: குளியல், பல், ஒரு கதை, விளக்கு. வரிசை முடியும் இடத்தில் தூக்கம் வந்துவிடும், வீடு எதுவானாலும்.

புதுவாசல்

ஞாயிறு உட்கார்ந்தோம். பையனும் உட்கார்ந்தான். சாவி, சார்ஜர், பள்ளிப் பை, மருந்துப் பெட்டி, துண்டு ஆகியவற்றுக்கு மட்டும் இடம் முடிவு செய்தோம், அவற்றை அவரவர்தான் வைத்தார்கள். துவைப்பது கணவர் பொறுப்பு, நினைவு வைப்பதும் சேர்த்து. அம்மா துணி மடிக்கிறார், மாலையில் பையன் வந்ததும் கதவு திறப்பதும் அவர்தான். நடையில் கொஞ்ச நாளாகப் படி இறங்குகிறேன், நடுவில் விட்டும் போகிறது. படிப்பு நேரம் இன்னும் வரவில்லை. நடுவழி சொன்ன அந்த ஒன்று எனக்கு நடைதான், அதனால் படிப்பை இப்போதைக்குத் தொடவில்லை.

ஒரே ஒரு விஷயம் யாரும் சொன்னதில் சேரவில்லை. அந்த எதிர்வீட்டு அம்மாவோடு காலையில் இரண்டு நிமிடம் பேசுவேன். அதற்கு இங்கே என்ன செய்வது?

அந்திவெயில்

அதை நேரம் ஒதுக்கிச் செய்ய முடியாது. ஆனால் நீங்கள் தினமும் ஒரே நேரத்தில் அதே சுற்றில் நடந்தால், எதிரில் வருகிறவர்களும் பெரும்பாலும் அதே ஆட்களாகத்தான் இருப்பார்கள். கொஞ்ச நாளில் தலையசைப்பார்கள். அதற்கு அப்புறம் ஒரு நாள் நீங்களே முதலில் பேசுங்கள். புதிதாக வந்தவர் பேசட்டும் என்று இருக்கிறவர்கள் காத்திருப்பார்கள், இருக்கிறவர்கள் பேசட்டும் என்று வந்தவர் காத்திருப்பார். அந்தப் பழைய அம்மாவுக்கு நடந்துவிட்டு வந்து ஒரு போன் போடுங்கள். அவருக்கும் அந்த இரண்டு நிமிடம் காலியாகத்தான் இருக்கும்.

புதுவாசல்

இதுவரை போன் பண்ணவில்லை. நாளை நடந்து வந்து ஷூவைக் கழற்றியதும் பண்ணுகிறேன்.